கலப்பினக் கள்ளிமந்தாரை

கோயில் நந்தவனங்களில் நாம் நெடுங்காலமாகக் கண்டுவரும் கள்ளிமந்தாரையை ஈழத்தலரி என்றும் வழங்குவர். நம் மண்ணுக்கே உரியது போலத் தோன்றினும், அதன் தாயகம் மெக்ஸிகோவும் மத்திய அமெரிக்காவும் கரீபியத் தீவுகளுமாம். இப்பொழுது பல நிறம் கலந்து மணக்கும் கலப்பின வகைகள் நாற்றுப் பண்ணைகளில் விலைக்கு வருகின்றன. தறிக்கூடத்து முற்றத்தில் தொட்டியிலேனும் இதனை வளர்க்கலாமா என அங்கத்தினர் சிலர் வினவியதன் பேரில் இதனை வரைகின்றோம்.

தாராளமாக வளர்க்கலாம். ஆனால் பணம் கொடுக்குமுன் ஒன்று கவனிக்கற்பாலது: விதையில் முளைத்த கன்று தாய் மரத்தை ஒத்திருக்குமென்பதற்கு உறுதியில்லை. ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் கரும்புத் தோட்ட மேலாளராயிருந்த வில்லியம் மொராக்னே என்பார், 1950களில் குறுகிய பூங்குழலுக்குள் ஒளிந்துள்ள மகரந்தத்தைத் தம் கையாலேயே சேர்த்துப் புதுவகைகளை உண்டாக்கினார். அவ்வாறு பிறந்த கன்றுகள் வெவ்வேறு விதமாக மலர்ந்தன. தேர்ந்தெடுத்தவற்றுக்குத் தம் குடும்பத்துப் பெண்களின் பெயர்களைச் சூட்டினார். 'ஜீன் மொராக்னே' அவற்றுள் ஒன்று. அவ்வகை வேண்டுவோர் அதன் கிளையையோ ஒட்டுக்கன்றையோதான் பெறவேண்டும். வண்ணப்படம் கட்டிய விதைக்கன்றை அதே விலைக்கு வாங்குவோர், அது பூக்க மூன்றாண்டளவு காத்திருந்து ஏமாறக் கூடும். அதற்குள் ரசீதும் தொலைந்திருக்கும்! நாலைந்து பேர் கூடி நல்ல ஒட்டுக்கன்று ஒன்றை வாங்கி, அது கிளைத்தபின் போத்துகளைப் பகிர்ந்துகொள்வதே சிக்கனம் என்பது நம் கருத்து.

இலையுதிர்ந்து நிற்கும் மாசி, பங்குனியில் ஓரடி முதல் ஒன்றரையடி நீளமுள்ள முதிர்ந்த கிளையை வெட்டுக. வடியும் பால் தோலை அரிக்கும், கண்ணில் படலாகாது. வெட்டிய உடனே நடுவது தவறு. ஒன்றிரண்டு வாரம் நிழலில் கிடத்தி, வெட்டுவாய் உலர்ந்தபின் மணல் மிகுந்த மண்ணில் நான்கங்குல ஆழம் ஊன்றி, ஆடாதபடி கொம்பு கட்டுக. இலை விடும்வரை நீர் அளவோடிருத்தல் வேண்டும். அன்பு மிகுதியால் நாள்தோறும் நீர் வார்ப்போரிடமே போத்து அழுகுகின்றது. தொட்டியின் அடியில் துளையும், நாளில் ஆறு மணி நேர வெயிலும் இன்றியமையாதவை. தழைச்சத்து மிகுந்தால் இலையே பெருகும். பூங்கொத்து கிளை நுனியில் வருவதாதலின், அடிக்கடி நுனி கிள்ளுவது பூவைத் தள்ளிப்போடும்.

இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் காணின் அது துருநோய். அவ்விலைகளைப் பறித்து எரித்துவிடுக.

மல்பெரி பயிரிடுவோர் மற்றொன்றையும் நோக்குதல் வேண்டும். 2008ஆம் ஆண்டு கோவையில் காணப்பட்டுப் பின் பரவிய பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு மல்பெரியையும் மரவள்ளியையும் பாழ்படுத்தியது. கள்ளிமந்தாரையிலும் அது தங்கும். 2010இல் அயல்நாட்டிலிருந்து தருவித்து விடப்பட்ட சிறு ஒட்டுண்ணிக் குளவிகளே அதனை அடக்கின. ஆகவே வெண்பஞ்சு போன்ற படிவைக் கண்டவுடன் கடும் மருந்து தெளித்து அக்குளவிகளையும் கொன்றுவிடாமல், நீரைப் பீய்ச்சிக் கழுவி, மிகுதியாகப் பற்றிய கிளையை வெட்டி அகற்றுக. புதுக்கன்று வாங்குவோர் அதனை மல்பெரித் தோட்டத்தருகே கொண்டுசெல்லுமுன் இலையைப் புரட்டிப் பார்த்துக்கொள்க.