பரீட்சையில் அநியாயமா? பேனாவை எடுங்கள்!

பரீட்சை முடிவு வெளியாகும் நாள். பல வீடுகளில் நடக்கும் காட்சி இது.

தாயார் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நிற்கிறார். தந்தை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்கிறார். மகள் செல்போனில் தன் பதிவு எண்ணைத் தட்டுகிறாள்.

ஐந்து பாடங்களில் நல்ல மார்க்கு. ஆறாவது பாடத்தில் பெயில்!

அதுவும் அவள் நன்றாக எழுதிய பாடம்!

அழுகை, கலக்கம். ஆளுக்கு ஒரு யோசனை சொல்கிறார்கள்.

"தலையெழுத்து, விடு" என்கிறார் பெரியப்பா.

"காலேஜுக்குப் போய் நாலு கேள்வி கேட்கலாம், வா அக்கா" என்று துள்ளுகிறான் தம்பி.

"நல்ல வக்கீலாகப் பார்த்துக் கேஸ் போடுங்கள்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

மூன்றும் அவசர யோசனைகள். விட்டுவிட்டால் ஒரு வருடம் வீண். கிடைக்க இருந்த வேலையும் கைநழுவலாம். கல்விக் கடனுக்கு வட்டியோ ஏறிக்கொண்டே இருக்கும். சத்தம் போட்டால் குற்றம் மாணவி மீதே திரும்பும். கோர்ட்டுக்குப் போனால், "கல்லூரியில் முறைப்படி மனுப் போட்டாயா?" என்பதே முதல் கேள்வியாக இருக்கும்.

ஆகவே முதலில் எடுக்க வேண்டியது பேனா!

எழுத்தில் மனு, கையில் ரசீது, குறித்த தேதிக்குள் அடுத்த படி. நியாயம் கேட்பவருக்கு இந்த மூன்றும் வேண்டும்.

முதல் படி: விடைத்தாள் நகல்

மார்க்கு குறைந்துவிட்டது என்றால் அநீதி நடந்துவிட்டது என்று உடனே முடிவு கட்டக்கூடாது. தவறு எங்கே என்று பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் மூன்று வகைத் தவறுகள் நடக்கும்.

ஒன்று, கூட்டல் பிழை. உள்ளே போட்ட மார்க்குகளைக் கூட்டும்போது ஒரு பக்கம் விட்டுப் போயிருக்கலாம்.

இரண்டு, ஒரு விடை திருத்தப்படாமலே போயிருக்கலாம். கடைசிப் பக்கத்தில் எழுதிய விடைக்கு இந்தக் கதி நேர்வது உண்டு.

மூன்று, விடை சரியாக இருந்தும் மார்க்கு குறைவாகப் போடப்பட்டிருக்கலாம்.

முதல் இரண்டுக்கும் மருந்து மறுகூட்டல். மூன்றாவதற்கு மருந்து மறுமதிப்பீடு. அதாவது, வேறொரு ஆசிரியர் அதே விடைத்தாளைப் புதிதாகத் திருத்துவது.

எந்த மருந்து வேண்டும் என்று தெரிந்துகொள்ள, முதலில் விடைத்தாளின் நகலைப் பார்க்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தில் இப்படிப்பட்ட ஏற்பாடு உண்டு. முதலில் நகல் வாங்கலாம். பார்த்த பிறகு மறுமதிப்பீடு கேட்கலாம். மற்றப் பல்கலைக்கழகங்களுக்கும் தனித்தனி விதிகள் இருக்கின்றன. கட்டணமும் தேதியும் இடத்துக்கு இடம் மாறும்.

தேதிதான் முக்கியம்! முடிவு வெளியான பிறகு சில நாட்களே அவகாசம் தருவார்கள். அழுதுகொண்டே அந்த நாட்களைக் கழித்துவிட்டால், பிறகு கதவு மூடிவிடும். முடிவோடு வரும் அறிவிப்பை அன்றைக்கே முழுவதும் படித்துவிட வேண்டும்.

நகல் கைக்கு வந்ததும், அந்தப் பாடம் தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் காட்ட வேண்டும். "மறுமதிப்பீடு கேட்டால் பயன் உண்டா?" என்று அவர் சொல்வார். சில இடங்களில் மறுமதிப்பீட்டில் மார்க்கு குறைந்தால், அதையே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று விதி இருக்கும். அதையும் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

பூட்டிய கதவு திறந்த கதை

ஒரு காலத்தில் விடைத்தாளைப் பார்ப்பது என்பது நடக்காத காரியம். அலமாரியில் பூட்டியது பூட்டியதுதான்!

மராட்டிய மாநிலத்தில் மாணவர்கள் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். அது சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. "விடைத்தாளைக் காட்டத் தேவையில்லை என்ற விதி செல்லும்" என்று 1984-ம் ஆண்டு தீர்ப்பாயிற்று. மாணவர்களுக்கு ஏமாற்றம்தான்.

2005-ம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. அரசாங்க அலுவலகத்தில் உள்ள தகவலைக் குடிமக்கள் கேட்டுப் பெறலாம் என்று அது சொல்லிற்று.

சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புப் பரீட்சையை 2008-ம் ஆண்டு எழுதிய மாணவர் ஒருவர், அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்தார். "நான் எழுதிய விடைத்தாளை எனக்குக் காட்டுங்கள்" என்று மனுப் போட்டார். சி.பி.எஸ்.இ. மறுத்தது. அவர் கல்கத்தா ஐகோர்ட்டுக்குப் போனார். 2009-ம் ஆண்டு அவர் பக்கம் தீர்ப்பாயிற்று.

சி.பி.எஸ்.இ. சுப்ரீம் கோர்ட்டுக்கு அப்பீல் செய்தது. கல்கத்தா பல்கலைக்கழகம் போன்ற வேறு அமைப்புகளும் அப்பீல் செய்தன. "விடைத்தாள்கள் எங்களை நம்பி ஒப்படைக்கப்பட்டவை, வெளியிட முடியாது" என்று வாதாடினார்கள்.

2011-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 9-ந் தேதி தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் ரவீந்திரன், பட்நாயக் ஆகியோர் வழங்கிய தீர்ப்பு அது.

விடைத்தாள் எழுதியவருக்கு அதைப் பார்க்கவும் நகல் பெறவும் உரிமை உண்டு என்றார்கள் நீதிபதிகள். எழுதியவனிடமிருந்தே அதை மறைப்பதில் நியாயம் இல்லை!

ஆனால் இரண்டு எல்லைகளையும் வகுத்தார்கள். திருத்திய ஆசிரியரின் பெயரை வெளியிடக்கூடாது. அவருடைய பாதுகாப்பையும் பார்க்க வேண்டும் அல்லவா? இரண்டாவது, விடைத்தாளைப் பார்க்கும் உரிமை இருப்பதாலேயே, மறுபடி திருத்தச் சொல்லும் உரிமை வந்துவிடாது. அது அந்தந்தப் பரீட்சை விதியைப் பொறுத்தது.

விடைத்தாளைக் குறிப்பிட்ட காலம்தான் வைத்திருப்பார்கள். பிறகு அழித்துவிடுவார்கள். ஆகையால் இங்கேயும் தாமதம் கூடாது.

பல்கலைக்கழகத்தின் சாதாரண வழியில் நகல் கிடைக்காவிட்டால், இந்தச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். மனுக் கட்டணம் 10 ரூபாய். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல் அதிகாரிக்கு அப்பீல். அதற்குப் பிறகு தகவல் ஆணையம்.

மார்க்கு மட்டுமா?

கல்லூரியில் நேரும் குறை மார்க்கோடு நின்றுவிடுவதில்லை.

வகுப்புத் தேர்வுக்குப் போடும் உள்மதிப்பீட்டு மார்க்கில் ஓரவஞ்சனை இருக்கலாம். உதவித்தொகை வராமல் இழுத்தடிக்கலாம். படிப்பை விட்டுப் போகிறவருக்குத் திருப்பித் தர வேண்டிய பணத்தைத் தராமல் இருக்கலாம். "பாக்கியைக் கட்டு; அப்புறம் சர்ட்டிபிகேட் தருகிறோம்" என்று அசல் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். சாதியைக் காட்டி வித்தியாசம் பாராட்டலாம்.

இவை எல்லாவற்றுக்கும் ஒரு வாசல் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2023-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் விதிகளை வெளியிட்டது. மேலே சொன்ன குறைகள் அந்த விதிகளிலேயே பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கின்றன.

அந்த விதிகளின்படி, ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். ஒரு பேராசிரியர் தலைவர். மூத்த ஆசிரியர்கள் நால்வர் உறுப்பினர்கள். இவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். ஒருவராவது தாழ்த்தப்பட்ட, பழங்குடி அல்லது பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். மாணவர் பிரதிநிதி ஒருவரும் சிறப்பு அழைப்பாளராக வந்து உட்காருவார்.

புகாரைக் கல்லூரியின் இணைய வாசலில் பதிவு செய்யலாம். விசாரணைக்கு மாணவர் நேரில் போகலாம். தன் சார்பில் ஒருவரை அனுப்பவும் செய்யலாம். புகார் கிடைத்த நாளிலிருந்து 15 வேலை நாட்களுக்குள் குழு தன் அறிக்கையைக் கொடுக்க வேண்டும்.

பாலியல் தொல்லைக்கும் ராகிங் கொடுமைக்கும் தனிக் குழுக்கள் உண்டு. அந்தப் புகார்களை அங்கே கொடுக்க வேண்டும்.

அதற்கும் மேலே ஒருவர்

"கல்லூரி ஆசிரியர்களே உட்கார்ந்த குழு, கல்லூரிக்கு விரோதமாகச் சொல்லுமா?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

அதற்காகவே மேலே ஒருவர் இருக்கிறார். முறைமன்ற நடுவர் என்று பெயர். ஆங்கிலத்தில் 'ஓம்புட்ஸ்பெர்சன்' என்பார்கள். மூலச் சொல் சுவீடன் நாட்டைச் சேர்ந்தது. அதிகாரிகள் மீது மக்கள் சொல்லும் குறையைக் கேட்க, 1809-ம் ஆண்டிலேயே அந்த நாட்டில் இப்படி ஒரு பதவியை உண்டாக்கினார்கள்.

நம் நாட்டில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒருவரை நியமிக்க வேண்டும். ஓய்வு பெற்ற துணைவேந்தர், ஓய்வு பெற்ற மூத்த பேராசிரியர், முன்னாள் மாவட்ட நீதிபதி ஆகியோரில் ஒருவராக அவர் இருப்பார். அந்தப் பல்கலைக்கழகத்தோடு எந்தச் சொந்த லாபமும் இல்லாதவராக இருக்க வேண்டும். அதைச் சேர்ந்த கல்லூரிகளின் மாணவர்களும் அவரிடம் போகலாம்.

குழுவின் முடிவு திருப்தி இல்லையா? 15 நாட்களுக்குள் அவருக்கு அப்பீல் செய்யலாம். 30 நாட்களுக்குள் அவர் தீர்த்து வைக்க முயல வேண்டும். அவர் உத்தரவைக் கல்லூரி மதிக்காவிட்டால், மானியத்தை நிறுத்தி வைப்பது போன்ற நடவடிக்கைகளை எடுக்க மானியக் குழுவுக்கு அந்த விதிகள் இடம் தருகின்றன.

ஒன்றை மறக்கக்கூடாது. "என் தாளை மறுபடி திருத்துங்கள்" என்று மட்டும் கேட்டால் அவர் எடுத்துக்கொள்ள மாட்டார். முடிவையே மாற்றக்கூடிய முறைகேடு நடந்தது என்றோ, பாரபட்சம் காட்டப்பட்டது என்றோ குறிப்பாக எடுத்துச் சொல்ல வேண்டும். பொய்ப் புகார் கொடுத்தால், கொடுத்தவர் மீதே நடவடிக்கைக்குச் சிபாரிசு செய்யவும் அவருக்கு அதிகாரம் உண்டு.

மனு எழுதுவது எப்படி?

மனு ஒரு பக்கத்தில் அடங்கினால் நல்லது. அதில் கோபம் வேண்டாம், வசை வேண்டாம். "அவருக்கு என்னைப் பிடிக்காது" என்று எழுதினால் யாரும் மதிக்க மாட்டார்கள். என்று, எங்கே, என்ன நடந்தது என்று எழுதினால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒரு மாதிரி:

"ஐயா, நான் இரண்டாம் ஆண்டு வணிகவியல் மாணவி. மூன்று வகுப்புத் தேர்வுகளும் எழுதினேன். மூன்றாவது தேர்வில் நான் எழுதவில்லை என்று குறிக்கப்பட்டிருக்கிறது. திருத்தித் தந்த அந்தத் தாளின் நகலை இணைத்திருக்கிறேன். இது குறித்து இம்மாதம் 4-ந் தேதி துறைத் தலைவரிடம் மனுக் கொடுத்தேன்; பதில் இல்லை. பதிவேட்டைச் சரிபார்த்து மார்க்கைத் திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இவ்வளவு போதும். நடந்தது இருக்கிறது, சான்று இருக்கிறது, என்ன வேண்டும் என்பதும் இருக்கிறது.

இரண்டு பிரதிகள் எடுக்க வேண்டும். ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்துப் போட மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். இணையத்தில் பதிந்தால் புகார் எண்ணைக் குறித்து வைக்க வேண்டும். அசல் சான்றுகளை ஒருபோதும் கொடுத்துவிடக்கூடாது. நகல்தான் கொடுக்க வேண்டும்.

"பழி வாங்கினால்?"

பெற்றோர்கள் பயப்படுவது இதற்குத்தான். "இன்னும் இரண்டு வருடம் அங்கேதானே படிக்க வேண்டும்? வாத்தியாரைப் பகைத்துக்கொள்ளலாமா?"

அந்தப் பயம் வீண் பயம் அல்ல. ஆனால், மாணவரைத் துன்புறுத்துவதும் அதே விதிகளின்படி புகார் செய்யக்கூடிய குற்றம். தேதி போட்ட மனு கையில் இருந்தால், பின்னால் நடப்பதற்கு அதுவே சாட்சி. வாய்ப் புகாருக்குச் சாட்சி இல்லை.

மேலும், பெரும்பாலான தவறுகள் பகையால் நடப்பவை அல்ல. கட்டுக் கட்டாகத் தாள் திருத்தும் ஆசிரியரும் மனிதர்தான். கை அயரும், கண் அயரும். மரியாதையோடு எழுதிய மனு, அவர் தன் தவறைத் தானே திருத்திக்கொள்ள வழி விடும்.

பெற்றோர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. முடிவு வந்த அன்று பிள்ளையைத் திட்டாமல் இருப்பது! "நீ என்ன எழுதினாய்? வா, விடைத்தாளைப் பார்ப்போம்" என்று பக்கத்தில் உட்காருவது. அந்த ஒரு சொல், மனம் உடைந்த பிள்ளையைத் தாங்கிப் பிடிக்கும்.

கண்ணீர் துடைக்கும் காகிதம்

அந்த வீட்டுக்குத் திரும்புவோம்.

மறுநாளே மகள் நகலுக்கு விண்ணப்பம் போடுகிறாள். நகல் வருகிறது. குடும்பமே சுற்றி உட்கார்ந்து பார்க்கிறது.

இரண்டில் ஒன்று தெரியும். கடைசிப் பக்கத்தில் ஒரு விடை திருத்தப்படாமலே இருக்கலாம். அப்படியானால், அடுத்த மனு தயார்!

அல்லது, தான் எங்கே தவறினோம் என்று அவளுக்கே புரியலாம். அப்படியானால், அடுத்த பரீட்சைக்கு எதைப் படிக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

இரண்டிலும் அவளுக்கு நஷ்டம் இல்லை. "எனக்கு ஏன் இப்படி ஆயிற்று?" என்ற கேள்வி இனி அவள் தூக்கத்தைக் கெடுக்காது. கேட்டாள், பதில் கிடைத்தது.