மூச்சுப்பாதையின் காவல்

மனிதர் ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறார். அக்காற்றுடன் தூசும் பாக்டீரியாவும் வைரசும் சேர்ந்தே நுழைகின்றன. எனினும், அவர் அன்றாடம் நோயுறுவதில்லை. மூச்சுப்பாதையின் உட்சுவரைப் போர்த்தியுள்ள செல்கள் இதற்கு முதன்மையான காரணமாகும்.

இச்செல்களுள் கோப்பை வடிவின கோழையைச் சுரந்து நுண்துகள்களைச் சிக்கவைக்கின்றன. குற்றிழைகள் கொண்டவை அக்கோழையைத் தொண்டையை நோக்கித் தள்ளுகின்றன. அடியிலுள்ளவை, சிதைந்த செல்களுக்கு ஈடாகப் புதியனவற்றைத் தோற்றுவிக்கின்றன.

விழித்தெழும் மரபணுக்கள்

மரபணுவிலுள்ள செய்தி தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டு, அதன்வழிப் புரதம் உருவாதலை மரபணு வெளிப்பாடு என்பர். நோய் எதிர்ப்புக்குரிய மரபணுக்கள் பல, இயல்பான நிலையில் அடங்கியே இருக்கின்றன. இன்ஃபுளுயன்சா வைரஸ் செல்லுக்குள் புகுந்ததும், அதன் ஆர்.என்.ஏ.வை 'ரிக்-ஐ' என்னும் புரதம் இனங்காண்கிறது. உடனே இன்டர்ஃபெரான் மரபணுக்கள் செயற்படத் தொடங்குகின்றன.

இவ்வாறு சுரக்கும் இன்டர்ஃபெரான், அண்டைச் செல்களின் ஏற்பிகளில் இணைந்து அவற்றை எச்சரிக்கிறது. அதனால் அச்செல்களில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் வெளிப்படுகின்றன. அவற்றின் புரதங்களுள் சில வைரசின் நுழைவைத் தடுக்கின்றன. சில அதன் ஆர்.என்.ஏ.வைச் சிதைக்க வழிவகுக்கின்றன. சில அது பெருகாதவாறு முடக்குகின்றன. தான் அழிய நேரினும், பாதிக்கப்பட்ட செல் அயற்செல்களைக் காக்கிறது.

1957இல் இலண்டனில் அலிக் ஐசக்ஸ், ழான் லிண்டன்மன் ஆகியோர் இன்டர்ஃபெரானைக் கண்டறிந்தனர். வெப்பத்தால் செயலிழந்த இன்ஃபுளுயன்சா வைரசைக் கோழிக்கருவின் சவ்வில் சேர்த்தபோது, பிற வைரசின் பெருக்கத்தில் குறுக்கிடும் பொருளொன்று வெளிப்படுவதை அவர்கள் கண்டனர். அக்குறுக்கீடே அதற்குப் பெயராயிற்று.

அளவும் காலமும்

இவ்வெளிப்பாடு பிந்தினால் வைரஸ் பெருகிவிடும். மிகுந்து நீடித்தால் அழற்சி முற்றி நுரையீரலே சிதையும். காலத்தே எழுந்து, காலத்தே அடங்குவதே காவலின் சிறப்பு. கொரோனாத் தொற்றால் உயிருக்குப் போராடியோருள் ஏறத்தாழ 10 விழுக்காட்டினரின் குருதியில், இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்பொருள்கள் இருந்ததை 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. மாறாக, சிறுவரின் மூக்குச் செல்களில் வைரசை உணரும் மரபணுக்கள் தொற்றுக்கு முன்பே பெரியோரினும் மிகுதியாக வெளிப்பட்டிருந்தமை 2021இல் தெரியவந்தது. சிறுவர் பலருக்கு நோய் கடுமையாகாமைக்கு இதுவும் ஒரு காரணம் எனக் கருதப்படுகிறது.

புகையிலைப் புகை குற்றிழைகளை முடக்கிக் கோழையைத் தேங்கச் செய்கிறது. அதனைத் தவிர்ப்பது, கண்ணுக்குப் புலப்படாத இக்காவலர்க்கு மனிதர் செய்யத்தக்க உதவியாகும்.