பம்ப்பைத் திறந்தால் தெரியும் ரகசியம்

மாணவர்களே, உங்கள் பெற்றோரிடம் 1991ஆம் ஆண்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அவ்வாண்டு வறட்சியில் டுரியான் துங்கல் அணை வற்றி, மலாக்கா முழுவதும் தண்ணீருக்குத் தவித்தது. இன்று ஜொகூரின் மூவார் ஆற்றிலிருந்தும் நமக்கு நீர் இறைக்கப்படுகிறது. ஆற்று நீரை மேட்டுக்கு ஏற்ற உலகெங்கும் பெரிதும் பயன்படுவது மையவிலக்குப் பம்ப்.

அதன் உள்ளே ஒரு சக்கரம் சுழல்கிறது. நடுவில் நுழையும் நீரைச் சக்கரத்தின் இறக்கைகள் வேகமாக வெளிப்புறம் வீசுகின்றன. நத்தை ஓடு போன்ற கூட்டில் நீரின் வேகம் குறைந்து, அழுத்தம் கூடுகிறது. 1851இல் லண்டன் கண்காட்சியில் ஜான் அப்போல்ட் வளைந்த இறக்கைகள் கொண்ட பம்ப்பைக் காட்டினார். அதன் திறன் 68 விழுக்காடு. நேரான இறக்கை கொண்டவை அதற்கு அருகில்கூட வரவில்லை. உள்ளமைப்பு அவ்வளவு முக்கியம்!

சக்கரத்தைப் பார்த்தே பம்ப்பின் வகையைச் சொல்லிவிடலாம்.

மூடிய சக்கரம்: இறக்கைகளின் இருபுறமும் தகடு இருக்கும். நீர் பக்கவாட்டில் நழுவாததால் திறன் அதிகம். தூய நீருக்கு ஏற்றது.

அரைத் திறந்த சக்கரம்: ஒருபுறம் மட்டுமே தகடு. சற்றே கலங்கிய நீரையும் தாங்கும்.

திறந்த சக்கரம்: தகடே இல்லை, இறக்கைகள் நடுக்குமிழில் மட்டும் ஒட்டியிருக்கும். திறன் குறைவு, ஆனால் சிக்கிய குப்பையை எளிதில் அகற்றலாம்.

இன்னும் இரண்டு அடையாளங்கள் உண்டு. சக்கரத்தின் இருபுறமும் நீர் நுழைந்தால் அது மிகுந்த அளவு நீர் இறைக்கும் பம்ப். ஒரே தண்டில் பல சக்கரங்கள் வரிசையாக இருந்தால் அது உயரத்திற்கு ஏற்றும் பலகட்டப் பம்ப். ஒவ்வொரு சக்கரமும் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகும்.

இதையெல்லாம் ஏன் அறிய வேண்டும்? செம்பனை ஆலையின் நார் கலந்த கழிவுநீருக்கு மூடிய சக்கரத்தை மாட்டினால் நார் சிக்கி அடைத்துக்கொள்ளும். கழிவுநீர்க் குளம் நிரம்பி வழியும். குடிநீருக்குத் திறந்த சக்கரத்தை மாட்டினால் மின்கட்டணம்தான் ஏறும்.

அடுத்த முறை உங்கள் தோட்டத்தில் பம்ப் பழுது பார்க்கும்போது அருகில் நின்று கவனியுங்கள். தகடுகள் எத்தனை, சக்கரங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். ஆனால் மின்சாரத்தைத் துண்டித்த பிறகே பம்ப்பைத் திறக்க வேண்டும்; திறப்பது பெரியவர்களின் வேலை, எண்ணுவது உங்கள் வேலை!