சென்னையிலிருந்து மைக்ரோலைட் பழகப் போகிறவர்களுக்கு

இருவர் மட்டும் உட்காரக்கூடிய, இன்ஜின் பொருத்திய, மிக இலேசான விமானம்தான் மைக்ரோலைட். ஆட்கள், பெட்ரோல், சாமான் எல்லாம் சேர்த்து, தரையை விட்டுக் கிளம்பும்போது அதன் எடை 450 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது இந்திய விதி. பிரிட்டன் 2021-இல் இந்த வரம்பை 600 கிலோவாக உயர்த்திக்கொண்டது. இந்தியாவில் 600 கிலோ வரை உள்ளவை லைட் ஸ்போர்ட் விமானம் என்று வேறு வகையில் வைக்கப்படுகின்றன. 450 கிலோ என்பது வெறும் கணக்கு அல்ல. சில ரகங்களில் காலி விமானமே 280, 290 கிலோ இருக்கும். மிச்சத்தில் மாணவர், பயிற்சியாளர், பெட்ரோல் மூன்றும் அடங்க வேண்டும். எண்பத்தைந்து கிலோ ஆட்கள் இருவர் ஏறினால் பெட்ரோலுக்கு இடமே இருக்காது. பருமனானவர் பயிற்சியில் சேருமுன் இந்தக் கூட்டலைப் பள்ளியில் உட்கார்ந்து போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

மைக்ரோலைட்டில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, சாதாரண விமானம் போல இறக்கை, வால், ஸ்டிக், கால் பெடல் எல்லாம் உள்ளது. மற்றது, முக்கோணத் துணி இறக்கையின் கீழே மூன்று சக்கர வண்டி தொங்கும் டிரைக். டிரைக்கில் ஓட்டுபவர் ஒரு குறுக்குக் கம்பியைப் பிடித்துத் தன் எடையை நகர்த்தித் திருப்புகிறார். கம்பியை முன்னே தள்ளினால் மூக்கு மேலே போகும். ஸ்டிக் விமானத்திலோ பின்னே இழுத்தால்தான் மேலே போகும். கை ஒன்றில் பழகிவிட்டால் அவசரத்தில் அந்தப் பழக்கம்தான் முந்தும் என்பதால், எதில் பறக்கப் போகிறோம் என்று முடிவு செய்துகொண்டு அதிலேயே தொடங்க வேண்டும். பெங்களூருவில் 1980-இல் தொடங்கிய ராஜ்ஹம்ஸா அல்ட்ராலைட்ஸ் இந்த இரு வகையையும் செய்திருக்கிறது. அதன் எக்ஸ்-ஏர் பல நாடுகளுக்குப் போனது. ஸ்லோவேனியாவின் பிப்பிஸ்ட்ரெல் வைரஸ் இன்னொன்று. விமானப்படை, கடற்படை, என்.சி.சி. மூன்றுக்குமாக இந்த வகையில் 194 விமானங்களை இந்தியா 2015-இல் ஆர்டர் செய்தது. அதில் இருப்பது ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் 912 என்ற நாலு ஸ்ட்ரோக் இன்ஜின், 80 குதிரைத்திறன். பழைய மைக்ரோலைட்டுகளில் இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின் இருக்கும். இலேசானது, விலையும் குறைவு. ஆனால் சூடேறிப் பிஸ்டன் இறுகி, நடுவானில் நின்றுபோகும் வாய்ப்பு அதில் அதிகம்.

சென்னைக்குப் பறக்கும் ஆசை புதிதல்ல. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி'ஏஞ்சலிஸ் 1910-இலேயே சிம்ப்சன் பட்டறையின் உதவியோடு ஒரு விமானம் கட்டி இங்கே பறந்து காட்டினார். 1930 வாக்கில் மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப் உருவானது. 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குக் கொண்டுவந்த தபாலை, நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். விமானப்படைக்குப் பயிற்சியாளர்களைத் தயாரிக்கும் பள்ளி 1954 முதல் தாம்பரத்தில் இருக்கிறது.

ஆனாலும் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வாசிகளுக்கு இன்று வீட்டருகே மைக்ரோலைட் பழக இடம் கிடையாது. காரணம் தலைக்கு மேலேயே தெரியும். கடல் பக்கமிருந்து மீனம்பாக்கத்தில் இறங்கும் ஜெட் விமானங்கள் அடையாற்று முகத்துவாரம், கோட்டூர்புரம், கிண்டி என்று வரிசையாகத் தாழ்ந்து வருகின்றன. சக்கரங்கள் விரிந்திருப்பதைச் சாலையில் நிற்பவரே பார்க்கலாம். அப்படிப்பட்ட ஜெட்டின் பின்னால் சுழலும் காற்று 450 கிலோ விமானத்தைப் புரட்டிப் போட்டுவிடும். மெதுவாக வட்டமடிக்கும் மாணவருக்காக இரண்டு ஜெட்டுகளுக்கு நடுவே இடைவெளி ஒதுக்குவதும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தால் ஆகிற காரியமில்லை.

அதனால் சென்னைக்காரர்களின் பார்வை முதலில் போவது பெங்களூருவின் ஜக்கூர் மீது. மைசூர் மகாராஜா கொடுத்த நிலத்தில் அமைந்த அந்த ஓடுதளத்தில் அரசு விமானப் பயிற்சிப் பள்ளி 1940-களின் இறுதியில் தொடங்கியது. சுதந்திர இந்தியாவின் முதல் பெண் விமானிகளில் ஒருவரும் பின்னாளில் சென்னைவாசியுமான உஷா சுந்தரம் தேறியது இந்தப் பள்ளியில்தான். தென்னிந்தியாவில் மைக்ரோலைட்டுகள் அதிகம் பறந்த இடங்களில் ஜக்கூரும் ஒன்று. வெள்ளிக்கிழமை இரவு சென்ட்ரலில் பெங்களூரு மெயில் ஏறினால் விடியுமுன் இறங்கிவிடலாம். காற்று அடங்கியிருக்கும் காலை வேளைதான் மைக்ரோலைட்டுக்கு ஏற்றது என்பதால் இது வசதி. ஆனால் ஜக்கூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று அடர்த்தி குறைவு. விமானம் எழும்ப அதிக தூரம் ஓட வேண்டும், ஏறுவதும் மெதுவாக ஏறும். பக்கத்திலேயே எலகங்கா விமானப்படைத் தளம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அங்கே ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி நடக்கும்போது சுற்றுவட்டார வான்வெளிக்குத் தடைகள் வந்துவிடும். பிப்ரவரியில் லீவு போட்டுப் போகிறவர் இதை முன்கூட்டி விசாரித்துக்கொள்ள வேண்டும்.

கல்லூரி மாணவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: என்.சி.சி.யின் விமானப் பிரிவு. பிரிவுக்கென்று மைக்ரோலைட்டுகள் இருக்கின்றன. கேடட்டுகளை விமானப்படை அதிகாரிகள் அழைத்துப் பறக்கிறார்கள். அதில் உரிமம் வாங்கும் அளவுக்கு மணிகள் சேராது. எனினும் செலவில்லாமல் ஸ்டிக்கைத் தொட்டுப் பார்க்க அதைவிட நல்ல வாய்ப்பு வேறில்லை.

காகித வேலையின் பெரும்பகுதியைச் சென்னையிலேயே முடித்துவிடலாம். மாணவர் விமானி உரிமத்துக்குக் குறைந்தபட்ச வயது 16. பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககமான டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவர்களிடம் இரண்டாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இ.சி.ஜி., காது, கண், நிறக்குருடு எல்லாம் பார்ப்பார்கள். கண்ணாடி போட்டிருப்பது தடையல்ல. பணம் கட்டுவதற்கு முன்பே இதை முடிப்பதுதான் புத்திசாலித்தனம். கட்டிய பிறகு ரத்த அழுத்தமோ நிறக்குறைபாடோ தெரியவந்தால் வீண் மனக்கஷ்டம். தமிழர்களுக்கென்றே உள்ள சிக்கல் ஒன்று இன்ஷியல். மதிப்பெண் பட்டியலில் 'எஸ்.', பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர், ஆதாரில் வேறொரு வரிசை என்றிருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். முதலில் எல்லாவற்றிலும் பெயரை ஒன்றாக்கிக்கொள்ள வேண்டும். வான்விதிகள், வழிகாணல், வானிலை, விமானமும் இன்ஜினும் ஆகியவற்றில் எழுத்துத் தேர்வுகள் உண்டு. ரேடியோவில் பேச உரிமம் தனி.

பறப்புப் பாடம் எங்கும் ஏறக்குறைய ஒரே ஒழுங்கில்தான் நடக்கும். நேராகப் பறத்தல், ஏறுதல், இறங்குதல், திரும்புதல். பிறகு ஸ்டால், அதாவது வேகம் குறைந்து இறக்கை தாங்கும் சக்தியை இழக்கும் நிலையை வேண்டுமென்றே வரவழைத்து மீள்வது. அதன்பின் சர்க்யூட்: கிளம்பி, ஓடுதளத்தைச் செவ்வகமாகச் சுற்றி, இறங்கி, மறுபடி கிளம்புவது. மாணவரின் பொறுமையைச் சோதிப்பது இந்தக் கட்டம்தான். தரையிலிருந்து இரண்டு ஆள் உயரத்தில் மூக்கை எவ்வளவு தூக்குவது என்பது புத்தகத்தில் வராது. திரும்பத் திரும்பச் செய்து கண்ணில் படிய வேண்டும். கூடவே, கிளம்பியதும் இன்ஜின் நின்றால் திரும்பிப் பார்க்காமல் நேரே முன்னால் இறங்குவது எப்படி என்பதும் பழகப்படும். இதெல்லாம் கைவந்த பிறகே பயிற்சியாளர் இறங்கிக்கொண்டு, மாணவரைத் தனியாக அனுப்புவார். பக்கத்து இருக்கையின் எடை இல்லாததால் விமானம் சட்டென்று எழும்பும். முதல் சோலோவில் பலரைத் திடுக்கிட வைப்பது அதுதான். பிரிட்டனில் மைக்ரோலைட் உரிமத்துக்குக் குறைந்தபட்சம் 25 மணி நேரம், அதில் 10 மணி தனியாக. இது குறைந்தபட்சம்தான். வாரக்கடைசியில் மட்டும் பழகுபவருக்குக் கூடுதலாகவே பிடிக்கும்.

பள்ளியைத் தேர்ந்தெடுப்பதில் விளம்பரமும் கட்டடமும் பெரிய விஷயமல்ல. அந்தப் பள்ளியின் விமானமும் பயிற்சியாளரும் வாரத்துக்கு உண்மையில் எத்தனை மணி பறக்கிறார்கள் என்பதே விஷயம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பறப்பவர், ஒவ்வொரு முறையும் மறந்ததை மீட்கவே பாதி நேரத்தைச் செலவழிப்பார்; காசு அங்கேதான் கரையும். ஒரே ஒரு விமானம் வைத்திருக்கும் பள்ளியில் அது பழுதானால் உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வரும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான். கடந்த மூன்று மாதத்தின் பறப்புப் பதிவேட்டைக் காட்டச் சொன்னால் நிலவரம் தெரிந்துவிடும். காட்டத் தயங்குகிற பள்ளியை விட்டுவிடலாம்.

அங்கீகாரம் அடுத்தது. டி.ஜி.சி.ஏ. ஒப்புதல் பெற்ற பள்ளிகளின் பட்டியலை அதன் இணையதளத்தில் பார்க்கலாம்; மைக்ரோலைட்டுக்கு ஒப்புதல் உண்டா என்பதையும் கவனிக்க வேண்டும். 2025 அக்டோபரில் பயிற்சிப் பள்ளிகளுக்குத் தரவரிசை வெளியிடப்பட்டபோது, ஏ++, ஏ+ ஆகிய இரண்டு உச்ச நிலைகளிலும் ஒரு பள்ளிகூட இல்லை. சுற்றிக்காட்டும் சவாரியும் பயிற்சியும் ஒன்றல்ல என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். மாணவரின் லாக் புக்கில் தகுதியுள்ள பயிற்சியாளர் கையெழுத்திட்ட மணிக்குத்தான் மதிப்பு.

கட்டணத்தில் கேட்க வேண்டியது, மணி எங்கே தொடங்குகிறது என்பது. ஹாப்ஸ் மீட்டர், இன்ஜின் ஓடத் தொடங்கியதும் எண்ணும். ஓடுதள வாசலில் காத்திருக்கும் பத்து நிமிடமும் கணக்கில் ஏறும். மழை, பழுது, பயிற்சியாளர் விலகல் என்று வகுப்பு நின்றால் பணம் என்னவாகும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்று ஆசை காட்டினாலும், ஐந்து ஐந்து மணியாகக் கட்டுவதே பாதுகாப்பு.

பருவமும் பார்த்துச் சேர வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை வானம் பெரும்பாலும் தெளிவு, ஆனால் விடியலில் மூடுபனி உண்டு. 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தையே முடக்கின. மைக்ரோலைட் பகலில், கண்பார்வையை நம்பி மட்டுமே பறக்கும் என்பதால் மழையும் பனியும் அதற்குத் தடை.

கிடைக்கும் உரிமம் சொந்த விருப்பத்துக்குப் பறக்க மட்டுமே. சம்பளத்துக்கு ஓட்ட முடியாது. ஏர்லைன் வேலைக்கு வணிக விமானி உரிமம் வேண்டும், அதற்கு 200 மணி. மைக்ரோலைட் மணிகள் அதில் சேரும் என்று எந்தப் பள்ளியாவது சொன்னால், மீனம்பாக்கத்தில் உள்ள டி.ஜி.சி.ஏ.யின் தென்மண்டல அலுவலகத்தில் அதை எழுத்தில் கேட்டுவிட்டே சேர வேண்டும்.