செவன் சீட்டர் வாங்கப் போறீங்களா? ஏழு பேர் ஏறிடலாம்... பெட்டி எங்கே போகும்?

வீட்டில் இரண்டாவது குழந்தை வரப்போகிறது. பேரனைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து அப்பா, அம்மாவும் வந்து தங்கப் போகிறார்கள். இத்தனை நாள் தாராளமாக இருந்த ஸ்விஃப்ட்டோ ஐ20-யோ திடீரென்று சின்னதாகத் தெரிய ஆரம்பிக்கும். ‘பேசாம ஒரு செவன் சீட்டர் எடுத்துடலாமா?’ என்ற பேச்சு அப்போதுதான் எழும்.

எடுக்கலாம், தப்பே இல்லை. ஆனால் ஷோரூமுக்குக் கிளம்பும் முன் மூன்று கேள்விகளுக்கு வீட்டிலேயே பதில் தேடிக்கொள்ளுங்கள். கடைசி சீட்டில் யார் உட்காரப் போகிறார்கள்? மாதத்தில் எத்தனை நாள்? அப்போது பெட்டிகள் எங்கே போகும்? விளம்பரத்தில் வரும் மைலேஜ், சன்ரூஃப், டச் ஸ்கிரீன் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

டிக்கிக் கணக்கு

மூன்றாவது கேள்வியில் இருந்தே தொடங்குவோம். ஏனென்றால் பலரும் இதை டெலிவரி எடுத்த பிறகு, முதல் ஊர்ப் பயணத்தன்று காலை ஐந்து மணிக்குத்தான் கேட்கிறார்கள்.

மாருதி எர்டிகாவில் ஏழு சீட்டும் விரித்திருக்கும்போது டிக்கியின் கொள்ளளவு 209 லிட்டர். கியா கேரன்ஸில் 216. ஒரகடத்தில் தயாராகும் ரெனோ ட்ரைபரில் வெறும் 84 லிட்டர். டொயோட்டா இன்னோவா ஹைகிராஸில் சுமார் 300. லிட்டரில் சொன்னால் புரியாது. விமானப் பயணத்துக்கு எடுத்துப்போகும் பெரிய ட்ராலி பெட்டி ஒன்றே கிட்டத்தட்ட 100 லிட்டர் இடம் பிடிக்கும். அப்படியானால் எர்டிகாவில் ஏழு பேரும் ஏறினால் ஒரு பெரிய பெட்டி, இரண்டு மூன்று கட்டைப்பைகள், அவ்வளவுதான். ட்ரைபரில் இரண்டு பள்ளிக்கூடப் பைகளை வைத்தாலே டிக்கி முக்கால்வாசி நிறைந்துவிடும்.

ஊரிலிருந்து திரும்பும்போது நிலைமை இன்னும் மோசம். அரிசி, தேங்காய், மாம்பழக் கூடை, அத்தை கொடுத்தனுப்பிய முறுக்கு டின் எல்லாம் கூடுதலாகச் சேரும். ‘மேல கேரியர் போட்டுக்கலாம்’ என்பார்கள். கூரையில் எடை ஏற ஏற வண்டியின் ஈர்ப்பு மையம் மேலே போகும். வளைவுகளில் உடல் சாய்வது கூடும், மைலேஜும் குறையும். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதையில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

இதே எர்டிகாவில் கடைசி வரிசையை மடக்கிவிட்டால் டிக்கி 550 லிட்டராக விரிகிறது. ட்ரைபரில் கடைசி சீட்டுகளைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டால் 625 லிட்டர். ஆக, இந்த விலையில் கிடைக்கும் செவன் சீட்டர்களை ‘தாராளமான ஐந்து சீட்டர், அவசரத்துக்கு ஏழு’ என்று புரிந்துகொள்வதே சரி. ஐந்து பேரும் நிறைய சாமான்களும், அல்லது ஏழு பேரும் கொஞ்சம் சாமான்களும் போகலாம். இரண்டையும் ஒன்றாகக் கேட்டால் ஹைகிராஸ்கூட திணறும்.

சிஎன்ஜி வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். எர்டிகா சிஎன்ஜியில் சிலிண்டர் டிக்கிக்குள்தான் இருக்கிறது. தினமும் அலுவலகம் போய் வர லாபம்தான். ஏழு பேர் ஊருக்குப் போக வேண்டுமென்றால் ஏற்கெனவே சின்னதாக இருக்கும் டிக்கியும் கையை விட்டுப் போகும்.

குழந்தை சீட் போட்டதும் மாறும் கணக்கு

குடும்பம் பெருகுவதால் கார் மாற்றுகிறவர்கள் அதிகம் யோசிக்காத இடம் இது. ஷோரூமில் யாரும் எடுத்துச் சொல்வதும் இல்லை.

பெரும்பாலான கார்களில் கடைசி வரிசைக்குப் போக, நடு வரிசை சீட்டைச் சாய்த்து முன்னால் தள்ள வேண்டும். கேரன்ஸில் அதற்கு ஒரு பட்டன் உண்டு, தட்டினால் சீட் தானே கவிழும். பார்க்க நன்றாக இருக்கும். அந்தச் சீட்டில் குழந்தைக்கான சைல்டு சீட்டைப் பொருத்திவிட்டால்? ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பெரும்பாலும் நடு வரிசையின் இரண்டு ஓரச் சீட்டுகளில்தான் இருக்கின்றன. சைல்டு சீட் மாட்டிய பிறகு அந்தப் பக்கத்தைக் கவிழ்க்க முடியாது. ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டுவது நடக்கிற காரியமும் இல்லை.

இரண்டு குழந்தைகளுக்கும் சைல்டு சீட் தேவைப்பட்டால் நடு வரிசையின் இரு ஓரமும் பூட்டிக்கொள்ளும். பெஞ்ச் சீட் வண்டியில் கடைசி வரிசைக்கு வழியே இருக்காது. ஏழு சீட்டுக்குக் காசு கொடுத்து நான்கு சீட்டைப் பயன்படுத்துவீர்கள். டிக்கி வழியாகத் தவழ்ந்து போகும் அப்பாக்களை அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் பார்க்கலாம்!

இதற்கு இரண்டு வழிகள். ஒரு குழந்தைதான் சைல்டு சீட் வயதில் என்றால், அதை ஓட்டுநருக்குப் பின்னால் வலது பக்கம் பொருத்துங்கள். நடைபாதை ஓரமான இடது பக்கம் ஏறி இறங்கக் காலியாக இருக்கும். இரண்டு குழந்தைகள் என்றால் நடுவில் இடைவெளி உள்ள கேப்டன் சீட் வகையைப் பாருங்கள். அதில் மொத்தம் ஆறு பேர்தான், ஆனால் சைல்டு சீட்டைத் தொடாமல் நடுவே நடந்து பின்னால் போகலாம். என்னைக் கேட்டால், சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆறு சீட்டே மேல்.

‘குழந்தை மடியிலேயே இருக்கட்டும், நான் பிடிச்சுக்கறேன்’ என்று பாட்டி சொல்வது பாசம்தான். ஆனால் மோதலின்போது எந்தக் கையாலும் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி 14 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு பெல்ட்டோ சைல்டு சீட்டோ இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதமும் உண்டு. பின்னோக்கிப் பார்க்கும் கைக்குழந்தை சீட்டை, ஏர்பேக் உள்ள முன் சீட்டில் ஒருபோதும் வைக்கக் கூடாது.

அப்பா, அம்மாவின் முழங்கால்

கடைசி சீட்டில் உட்கார்ந்தால் ஏன் முழங்கால் நெஞ்சை நோக்கி எழுகிறது? அந்த இடத்துக்குக் கீழே பின் ஆக்ஸில் ஓடுகிறது, இருபுறமும் சக்கர வளைவுகள். அதனால் தரை உயர்ந்து, சீட்டுக்கும் தரைக்குமான இடைவெளி சுருங்கிவிடுகிறது. வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம் கூடக்கூட இந்தச் சிக்கல் கொஞ்சம் குறையும். ட்ரைபரில் இது 2,636 மி.மீ., எர்டிகாவில் 2,740, கேரன்ஸில் 2,780, ஹைகிராஸில் 2,850. நான்கிலும் பத்து வயதுப் பிள்ளைகள் பின்னால் சுகமாக உட்காரலாம். முழங்கால் வலியுள்ள அறுபது வயதுக்காரரை எந்த வண்டியிலும் அங்கே அனுப்பாதீர்கள். அவர்களுக்கு நடு வரிசை, இல்லையென்றால் முன் சீட். அப்படியானால் பின்னால் போவது யார்? பெரும்பாலும் காருக்கு இஎம்ஐ கட்டுகிற நீங்களோ உங்கள் மனைவியோதான். அரை மணி நேரமாவது அங்கே உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஏறுவதும் இறங்குவதும் அதே அளவு முக்கியம். ஸ்கார்ப்பியோ-என், ஃபார்ச்சூனர் போன்ற உயரமான வண்டிகளில் கம்பீரம் இருக்கிறது. சேலை கட்டிய பெரியவர்கள் ஒவ்வொரு முறையும் கைப்பிடியைப் பற்றித் தொங்கி ஏற வேண்டியதும் இருக்கிறது. எர்டிகா, கேரன்ஸ், ஹைகிராஸ் மூன்றிலும் இருக்கை ஏறக்குறைய இடுப்பு உயரத்தில் வருவதால் அப்படியே உட்கார்ந்து காலை உள்ளே இழுத்துக்கொள்ளலாம்.

10 லட்சம் என்கிற கோடு

விலைக்கு வருவோம். ட்ரைபரின் நீளம் நான்கு மீட்டருக்குச் சற்றே குறைவு. இது தற்செயல் இல்லை. நான்கு மீட்டருக்குள்ளும், பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள்ளும் இருந்தால் அது வரிக் கணக்கில் சின்ன கார். 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கு ஜிஎஸ்டி 18%. இதில் ஒன்றைத் தாண்டினாலும் 40%. எர்டிகா நான்கு மீட்டரைத் தாண்டிய நீளம், 1,462 சிசி என்பதால் 40% பிரிவில் வருகிறது. ட்ரைபர் அந்த விலைக்குக் கிடைப்பதில் இந்த வரிக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்கு ஈடாக 1 லிட்டர், 72 குதிரைத்திறன் இன்ஜினோடு சமாதானம் ஆக வேண்டும். சென்னைக்குள் ஓட்டப் போதும். ஏழு பேரோடு ஏற்காடு ஏறினால் ஏசியை அணைக்கலாமா என்று யோசிக்க வைக்கும்.

தமிழ்நாட்டில் இன்னொரு கோடும் உண்டு. 2023 நவம்பரில் மாற்றப்பட்ட ஆயுள்கால சாலை வரியின்படி, 5 முதல் 10 லட்சம் வரையுள்ள கார்களுக்கு 13%, 10 முதல் 20 லட்சம் வரை 18%, அதற்கு மேல் 20%. இதன் விளைவைப் பாருங்கள். 9.90 லட்சம் ரூபாய் காருக்கு வரி 1,28,700 ரூபாய். 10.10 லட்சம் ரூபாய் காருக்கு 1,81,800. விலையில் 20,000 ரூபாய் வித்தியாசம், வரியில் 53,100! எர்டிகாவின் கீழ் வேரியன்ட்டுகள் இந்தக் கோட்டுக்கு உள்ளேயும் மேல் வேரியன்ட்டுகள் வெளியேயும் இருக்கின்றன. ‘இன்னும் கொஞ்சம் போட்டா அடுத்த வேரியன்ட் சார்’ என்று சொல்லும்போது ஆன்ரோடு விலையை எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஒரு விஷயம் இடையில். டொயோட்டா ருமியான் அடிப்படையில் எர்டிகாதான். மாருதி இன்விக்டோ அடிப்படையில் ஹைகிராஸ்தான். ஒரு ஷோரூமில் காத்திருப்பு நீண்டால் மற்றதில் கேட்டுப் பாருங்கள்.

வாங்கணுமா, வாடகைக்கு எடுக்கணுமா?

முதல் இரண்டு கேள்விகளுக்கான பதில் ‘பொங்கல், தீபாவளி, குலதெய்வம் கோயில்’ என்று வருடத்துக்கு மூன்று நான்கு முறைதான் என்றால், ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து சீட் காரைவிட செவன் சீட்டருக்கு 3 லட்சம் ரூபாய் கூடுதலாகக் கடன் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 9.5% வட்டி, ஏழு வருடம். அந்த 3 லட்சத்துக்கு மட்டும் மாதம் சுமார் 4,900 ரூபாய். வருடத்துக்கு 58,800. ஒரு ஊர்ப் பயணத்துக்கு இன்னோவா வாடகை 12,000 ரூபாய் ஆனாலும், நான்கு முறை ஓட்டுநரோடு போய் வந்து மிச்சமும் இருக்கும். மற்ற நாட்களில் நல்ல பின் சீட்டும் பெரிய டிக்கியும் உள்ள ஐந்து சீட் கார் போதும்.

வாடகைக்கு எடுத்தால் மஞ்சள் போர்டு வண்டியாக இருக்கட்டும். ‘தெரிஞ்சவர் வண்டிதான், ஓன் போர்டு, கம்மியா வரும்’ என்பதில் ஆபத்து இருக்கிறது. சொந்த உபயோகக் காரின் காப்பீடு வாடகை ஓட்டத்துக்குப் பொருந்தாது. விபத்து நடந்தால் க்ளெய்ம் நிராகரிக்கப்படலாம்.

மாறாக, தினமும் பள்ளிக்கு, மருத்துவமனைக்கு, வார இறுதியில் மாமனார் வீட்டுக்கு என்று ஆறு பேர் போவது வழக்கம் என்றால் யோசிக்கவே வேண்டாம், வாங்குங்கள். என் பார்வையில் நகரக் குடும்பத்துக்கு எர்டிகாவும் கேரன்ஸும்தான் நடுநிலையான தேர்வுகள். நெடுந்தூரம் அடிக்கடி, முழு ஆளோடு போகிறவர்களுக்கு மட்டுமே ஹைகிராஸின் விலை நியாயமாகும்.

டேப் எடுத்துட்டு வாங்க

அபார்ட்மென்ட்டில் ஒரு கார் நிறுத்துமிடம் பொதுவாக 5 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம். 4.75 மீட்டர் நீளமும் 1.85 மீட்டர் அகலமும் கொண்ட ஹைகிராஸை அதில் நிறுத்தினால் இரு பக்கமும் சேர்த்து 65 சென்டிமீட்டர்தான் மிச்சம். தூங்கும் குழந்தையைச் சைல்டு சீட்டிலிருந்து தூக்க அந்தக் கதவு எவ்வளவு திறக்கும்? பின்னால் சுவர் இருந்தால் டிக்கிக் கதவு முழுசாக மேலே போகுமா? பக்கத்தில் தூண் இருந்தால் இன்னும் சிக்கல். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு டேப் எடுத்துக்கொண்டு கீழே போய் அளந்துவிடுங்கள்.

டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். வீட்டில் இருக்கும் அத்தனை பேரும், சைல்டு சீட்டும், ஊருக்குக் கொண்டுபோகும் பெரிய பெட்டியும் கூட வரட்டும். விற்பனைப் பிரதிநிதி ஒரு நொடி தயங்குவார், பரவாயில்லை. மதியம் இரண்டு மணி வெயிலில் போனால் ஏசி காற்று கடைசி வரிசைக்கு எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று தெரிந்துவிடும். ஏழு பேரும் ஏறியபடி ஒரு மேம்பாலத்தில் ஏறி, பெரிய வேகத்தடை ஒன்றைத் தாண்டிப் பாருங்கள், அடி தட்டுகிறதா என்று. ஏழு சீட்டிலும் மூன்று முனை பெல்ட்டும் ஹெட்ரெஸ்ட்டும் இருக்கின்றனவா, பக்கவாட்டுத் திரை ஏர்பேக் கடைசி வரிசை வரை நீள்கிறதா, பாரத் என்சிஏபி சோதனையில் எத்தனை ஸ்டார் என்று கேளுங்கள். டெஸ்ட் டிரைவ் முடிந்ததும் பின்னால் உட்கார்ந்தவரை இறங்கச் சொல்லி, எவ்வளவு சிரமப்படுகிறார் என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.