கம்ப்ரஸர் போச்சு ஸார்!

அணில் கத்துவது போலத்தான் ஆரம்பித்தது.

காலையில் காரை ஸ்டார்ட் செய்தால் பானெட்டுக்குள்ளிருந்து ‘கீச்ச்ச்...’ என்று ஒரு சத்தம். இரண்டே நிமிடத்தில் அடங்கிவிடும். ‘‘என்னங்க, உள்ளே எலி கிலி புகுந்துடுச்சா?’’ என்றாள் மனைவி. ‘‘எட்டு வயசு வண்டி. அதுக்கும் மூட்டுவலி இருக்காதா?’’ என்று ஜோக்கடித்துவிட்டு, ரேடியோ வால்யூமைக் கூட்டினேன். கார் ரிப்பேருக்கு நம்மில் பலர் செய்கிற முதல் வைத்தியம் இதுதானே!

அதற்கான தண்டனை கத்திரி வெயிலில் கிடைத்தது.

கும்பகோணத்தில் மச்சினன் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். பின் ஸீட்டில் எழுபத்தாறு வயது அம்மா. மடியில் முறுக்கு டப்பா. திண்டிவனம் நெருங்கும்போது ‘படார்’ என்று ஒரு சத்தம். ஏ.ஸி.யிலிருந்து அனல் அடித்தது. பாட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது. ஸ்டீயரிங் ஆட்டுக்கல் மாதிரி கனத்தது. டெம்பரேச்சர் முள் விறுவிறுவென மேலே ஏறியது. ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்தால்... உள்ளே கறுப்பு ரப்பர் நார் நாராகக் கிழிந்து கிடந்தது.

நாலு வியாதியும் ஒரே நேரத்தில் எப்படி வந்தது? காரணம் ஒரே ஒரு பெல்ட். எஞ்சின் சுழலும்போது அதன் சக்தியை வெளியே எடுத்து, பாட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், ஏ.ஸி. கம்ப்ரஸர் என்று ஒவ்வொன்றுக்கும் பந்தி பரிமாறுவது அதுதான். என் காரில் தண்ணீர் பம்ப்பும் பவர் ஸ்டீயரிங்கும்கூட அதே பந்தியில். அந்தக் காலக் கார்கள் பலவற்றில் ஏ.ஸி.க்குத் தனி பெல்ட். அறுந்தால் வியர்க்கும், அவ்வளவுதான். ஊர் போய்ச் சேரலாம். இப்போது பல கார்களில் ஒரே நீள பெல்ட் பாம்பு மாதிரி எல்லாவற்றையும் சுற்றி வளைத்து ஓடுகிறது. அது போனால் வண்டியே போச்சு.

அம்மாவுக்கு லேசாகத் தலைசுற்றல். சாலையோர டீக்கடைக்காரர் பெஞ்சை நிழலுக்கு இழுத்துப் போட்டு, மோர் கொடுத்தார். அந்தப் புண்ணியவானை மறக்க முடியாது. டாக்ஸி பிடித்துக் குடும்பத்தை அனுப்பிவிட்டு, காரைக் கட்டி இழுத்துக்கொண்டு பக்கத்தில் ஒரு ஒர்க்ஷாப்புக்குப் போனேன்.

அங்கிருந்தவர் எட்டிப் பார்த்தார். ஏதோ ஒரு சக்கரத்தைக் கையால் திருக முயன்றார். அசையவில்லை.

‘‘கம்ப்ரஸர் போச்சு ஸார்! ஜாம் ஆயிடுச்சு. புதுசு போட்டா 28,000 ரூபா ஆகும்.’’

எனக்குக் கண் இருட்டியது. புதுப்பேட்டைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் எங்கள் வழக்கமான மெக்கானிக் பாய்க்கு போன் போட்டேன்.

‘‘ஸார், பதறாதீங்க. எஞ்சினை ஆஃப் பண்ணி, சாவியைக் கையில எடுத்துக்கங்க. கம்ப்ரஸர் மூஞ்சில ஒரு வட்டத் தட்டு இருக்கும். அதைக் கையால சுத்திப் பாருங்க.’’

சுற்றினேன். நல்லபிள்ளையாகச் சுழன்றது.

‘‘இப்ப அதுக்குப் பின்னாடி, பெல்ட் ஓடற புல்லியைச் சுத்துங்க.’’

கரகரவென்று அரை அங்குலம் நகர்ந்து நின்றுவிட்டது.

‘‘கம்ப்ரஸர் உசுரோட இருக்கு ஸார்! புல்லிக்குள்ள இருக்கற பேரிங்தான் செத்துப் போச்சு. அது பிடிச்சுக்கிட்டதால பெல்ட் தேய்ஞ்சு அறுந்திருக்கு. வண்டியை இங்க அனுப்புங்க!’’

இந்தத் தட்டு - புல்லி ரகசியம் தெரியாமல்தான் பலர் பர்ஸைத் திறந்துவிடுகிறோம். ஏ.ஸி.யைப் போட்டாலும் போடாவிட்டாலும் எஞ்சின் ஓடும்வரை புல்லி சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஸ்விட்சைப் போட்டதும் உள்ளே இருக்கும் காந்தம் முன்தட்டை ‘டக்’கென்று இழுத்துப் புல்லியோடு ஒட்டவைக்கும். அப்போதுதான் கம்ப்ரஸரின் உட்பாகம் சுழலும். இந்தக் கல்யாண புரோக்கருக்குப் பெயர் மேக்னடிக் கிளட்ச். புல்லி சண்டித்தனம் செய்தால் அது பேரிங்கின் குற்றம். தட்டே அசைய மறுத்தால்தான் கம்ப்ரஸருக்கு மாலை வாங்கவேண்டும். (கிளட்ச் இல்லாத புது ரகக் கம்ப்ரஸர்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.)

ஒரு சுவாரஸ்யம் கேளுங்கள். அமெரிக்காவில் பேக்கார்ட் கம்பெனி 1940-ம் வருட மாடல் கார்களுக்கு ஏ.ஸி. வைத்துக் கொடுத்தது. அதில் இந்த கிளட்ச் கிடையாது! குளிர் போதுமென்றால் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். வியாபாரம் படுத்து, சீக்கிரமே அந்த ஏ.ஸி.யைக் கைவிட்டார்கள். ஆச்சரியமா என்ன?

பாயின் பட்டறைக்குக் கார் வந்து சேர்ந்தது. பேரிங், பெல்ட், அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் மூன்றையும் மாற்றினார். ‘‘டென்ஷனர் எதுக்கு பாய்?’’ என்றேன். ‘‘ஸ்பிரிங் தளர்ந்து போச்சு ஸார். தளர்ந்த கையில புது பெல்ட்டைக் கொடுத்தா ஆறே மாசத்துல மறுபடி கீச்சுதான்.’’

பழைய பெல்ட்டைக் கழற்றும் முன்பே அது எந்தச் சக்கரத்துக்கு மேலே, எதற்குக் கீழே ஓடுகிறது என்று செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தார். புல்லிகளில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்த பிறகே புது பெல்ட். மாட்டியதும், அதன் ஒவ்வொரு வரியும் புல்லியின் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். மொத்த பில் 28,000-ல் கால்வாசிகூட வரவில்லை.

‘‘அந்தக் கீச்சு வந்தப்பவே கொண்டாந்திருக்கலாமே ஸார்’’ என்று கடிந்துகொண்டார். பிறகு ஒரு பாடமே நடத்தினார்.

‘‘ஏ.ஸி. ஆஃப்ல இருக்கறப்பவும் உறுமல் கேட்டா, புல்லி பேரிங்கோ டென்ஷனரோ. ஆன் பண்ணினா மட்டும் சத்தம் வந்தா, கிளட்ச்சோ கம்ப்ரஸரோ. பெல்ட் கத்தினா, எஞ்சின் ஓடறப்ப கையைத் தள்ளியே வெச்சுக்கிட்டு, பெல்ட்டோட வரி இருக்கற பக்கம் கொஞ்சம் தண்ணி பீய்ச்சுங்க. சத்தம் கொஞ்ச நேரம் நின்னு திரும்ப வந்தா, ஏதோ புல்லி கோணலா இருக்கு. தண்ணி பட்டதும் சத்தம் கூடினா, பெல்ட் தளர்ந்து வழுக்குது.’’

சிலர் சத்தத்தை நிறுத்த பெல்ட்டில் சோப்பு, தேங்காய் எண்ணெய் என்று தடவுகிறார்களாம். ‘‘அது பெல்ட்டுக்கு விஷம்’’ என்றார்.

பெல்ட்டில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது பழைய முறை. 2000-க்குப் பிறகு பரவலாக வந்த ஈ.பி.டி.எம். ரப்பர் பெல்ட் அவ்வளவு சுலபத்தில் வெடிக்காது. கார் டயர் மாதிரி சத்தமில்லாமல் தேயும். பார்வைக்குப் புதுசு போலவே இருக்கும். வரிகளின் பள்ளம் மட்டும் அகன்றுவிடும். அதனால் 60,000 கிலோமீட்டர் தாண்டினால், சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் ‘பெல்ட்டைப் பாருங்க’ என்று வாய்விட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

சரி, நிஜமாகவே கம்ப்ரஸர் போய்விட்டால்?

என் ஆபீஸ் நண்பர் ஒருவர் ஒரே கோடையில் இரண்டு கம்ப்ரஸர் மாற்றினார். முதலாவது உள்ளுக்குள் அரைபட்டுச் செத்தது. புதுசை மாட்டிக் கொடுத்தவர்கள் குழாய்களைச் சுத்தம் செய்யவில்லை. பழையதன் இரும்புத் துகள்கள் புதியதற்குள் போய் அதையும் அரைத்துவிட்டன. பாய் சொன்ன உவமையைக் கேட்டு எனக்குப் புரையேறியது: ‘‘சாவு வூட்டைக் கழுவாம புது மாப்பிள்ளையைக் கூட்டியாந்தா எப்படி ஸார் விளங்கும்?’’

எனவே, கம்ப்ரஸர் மாற்றினால் கூடவே சில வேலைகள் கட்டாயம். குழாய்களை உள்ளே கழுவ வேண்டும். துகள் பரவியிருந்தால் கண்டென்ஸரையும் மாற்றுவதே பத்திரம்; அதன் மயிரிழைக் குழாய்களைக் கழுவிச் சுத்தமாக்க முடியாது. ஈரம் உறிஞ்சும் டிரையர், மூட்டுகளில் இருக்கும் ரப்பர் வளையங்கள் எல்லாம் புதுசாக வேண்டும். கம்பெனி சொன்ன ரக ஆயிலைச் சொன்ன அளவில் விடவேண்டும். பிறகு பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் அரை மணி நேரமாவது உறிஞ்சி எடுத்து, அந்த வெற்றிடம் நிலைத்து நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். கடைசியில்தான் கேஸ். அதுவும் எடை போட்டு! எத்தனை கிராம் என்று பானெட்டுக்குள் ஸ்டிக்கரிலேயே பொதுவாக எழுதியிருக்கும்.

கேஸ் என்றதும் இன்னொன்று. ‘வருஷாவருஷம் டாப்-அப் பண்ணணும் ஸார்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி எரிந்து தீருகிற பொருள் அல்ல. அடிக்கடி குறைகிறதென்றால் எங்கேயோ ஒழுகுகிறது. கம்ப்ரஸருக்கு எண்ணெயைச் சுமந்து வருவதும் அந்தக் கேஸ்தான். ஒழுகலை அடைக்காமல் மேலே மேலே நிரப்பினால், கம்ப்ரஸர் எண்ணெயில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து சாகும். மூட்டுகளில் எண்ணெய்ப் பசையோடு தூசி படிந்திருந்தால் முதல் சந்தேகம் அங்கேதான். ஊருக்கும் கெடுதல்: பெரும்பாலான கார்களில் இருக்கும் ஆர்-134ஏ கேஸ், பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்ஸைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பொல்லாதது.

ஆகவே, கம்ப்ரஸர் குழாயை நாமே கழற்றிப் பார்க்கும் விஷப்பரீட்சை வேண்டவே வேண்டாம். அழுத்தத்தில் இருக்கும் கேஸ் கையில் பட்டால் தோல் உறைந்து புண்ணாகும். பார்ப்பது, கேட்பது, கேள்வி கேட்பது... இவையே நம் வேலை.

பில்லுக்குத் தலையாட்டும் முன் கேளுங்கள்!

1. முன்தட்டு கையால் சுற்றுகிறதா? புல்லி சுற்றுகிறதா? என் கண்முன்னால் காட்டுங்கள்.

2. கிளட்ச்சுக்குக் கரண்ட் வருகிறதா? ஃபியூஸ், ரிலே பார்த்தாச்சா? (கேஸ் குறைந்தாலும் கிளட்ச் ஒட்டாது!)

3. இரண்டு கேஜிலும் அழுத்தம் என்ன? (ஏ.ஸி. ஓடும்போது ஒன்று தாழ்ந்தும் ஒன்று உயர்ந்தும் இருக்கவேண்டும். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக நின்றால் கம்ப்ரஸர் மேல் நியாயமாகச் சந்தேகப்படலாம்.)

4. மாற்றினால், குழாய் கழுவுவதும் டிரையரும் எஸ்டிமேட்டில் உண்டா?

5. பழைய பாகத்தை என்னிடமே தருவீர்களா?

கடைசிக் கேள்விக்கு வரும் பதிலிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

நிச்சயதார்த்தம் நன்றாகவே நடந்ததாம். முறுக்கு டப்பாவோடு அம்மா பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டாள். இப்போதெல்லாம் நான் காரை ஸ்டார்ட் செய்ததும், மனைவி முதல் வேலையாக ரேடியோவை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறாள்!