ஒரு டிகிரிக்காகக் காத்திருப்பவர்கள்

லண்டனில் ஜனவரி மாதப் பகல் வெப்பநிலை சராசரியாக 8 டிகிரி செல்சியஸ். இரவில் 2, 3 டிகிரி. அதே அட்சரேகையில் கனடாவிலும் ரஷ்யாவிலும் வாசலில் விழுந்த பனி அள்ள அள்ளத் தீராமல் மாதக்கணக்கில் கிடக்கும். பிரிட்டனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அட்லாண்டிக் கடலைத் தடவி வரும் மேற்குக் காற்று தீவை வெதுவெதுப்பாகவே வைத்திருக்கிறது. ஆகவே அங்கே பனிப்பொழிவு என்பது ஒரு டிகிரி, இரண்டு டிகிரி விவகாரம். கொஞ்சம் கூடினால் வெறும் மழை. கொஞ்சம் குறைந்தால் பள்ளிகளுக்கு விடுமுறை.

அந்த ஒரு டிகிரியை நாலைந்து நாள் முன்பாகவே மோப்பம் பிடிக்கப் பார்க்கும் ஒரு கூட்டம் பிரிட்டன் முழுக்க இருக்கிறது. ஆசிரியர்கள், லாரி ஓட்டுநர்கள், ஓய்வுபெற்றவர்கள், பள்ளிப் பிள்ளைகள். வானிலை இவர்களுக்குப் பிழைப்பு அல்ல, பித்து. அந்தப் பித்துக்கு அங்கே நீண்ட பரம்பரை உண்டு. 1860-ல் ஜார்ஜ் ஜேம்ஸ் சைமன்ஸ் என்பவர், வீட்டுத் தோட்டத்தில் மழைமானி வைத்திருந்த ஆர்வலர்களை ஒன்றுதிரட்டத் தொடங்கினார். 1900-ல் அவர் இறந்தபோது 3,000-க்கும் மேற்பட்டோர் நாள் தவறாமல் அளந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பனி ஆர்வலர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் பாடமே ஆச்சரியமானது: மேகத்துக்குள் பனி பெய்வது அரிய செயலே அல்ல. மே மாதம் மதுரையில் இடியோடு கொட்டும் மழையில்கூடப் பெரும்பங்கு மேலே பனிக்கட்டியாக இருந்ததுதான். நம் ஊரில் வெப்பநிலை 0 டிகிரிக்கு இறங்கும் உயரம், அதாவது உறைமட்டம், சுமார் 5 கிலோமீட்டருக்கு மேலே. அவ்வளவு தூரம் இறங்குவதற்குள் பனி உருகி நீராகிவிடுகிறது. பிரிட்டனின் குளிர்காலத்தில் உறைமட்டம் பல நாட்களில் ஒன்றிரண்டு கிலோமீட்டரில் நிற்கும். அது சுமார் 300 மீட்டருக்குக் கீழே இறங்கினால்தான் பனித்துகள் முழுதாகத் தரை தொடும். இதில் இன்னொரு சிக்கல், பனித்துகளின் நிதானம். விநாடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர் வேகத்தில்தான் அது இறங்கும். 3 கிலோமீட்டர் உயரத்திலிருந்து புறப்பட்டால் தரைக்கு வர 50 நிமிடம். வழியில் சந்திக்கும் ஒவ்வொரு காற்றடுக்கும் அதன் தலையெழுத்தை மாற்றலாம்.

அது பிறப்பதும் எளிதில் நடப்பதில்லை. மேகத்துளி 0 டிகிரியில் உறைந்துவிடாது. உறைவதற்கு ஒரு தூசித் துகளாவது பிடிமானமாக வேண்டும். அது கிடைக்காத தூய துளி கிட்டத்தட்ட −38 டிகிரி வரை நீராகவே மிதக்கும். இதற்கு மிகைக்குளிர் நீர் என்று பெயர். இந்தத் துளிகளின் நடுவே ஒரு படிகம் தோன்றிவிட்டால் போதும், துளிகள் ஆவியாகி மெலிய, அந்த ஆவி படிகத்தில் படிந்து படிகம் வளரும். −15 டிகிரியை ஒட்டிய காற்றில்தான் ஆறு கைகளும் கிளைவிட்டு, நாம் படங்களில் பார்க்கும் நட்சத்திர வடிவம் உருவாகிறது. அந்த வடிவங்களை உலகுக்குக் காட்டியவரும் ஓர் ஆர்வலரே. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து விவசாயி வில்சன் பென்ட்லி, 1885-ல் நுண்ணோக்கியோடு கேமராவைப் பொருத்தி ஒற்றைப் பனிப்படிகத்தைப் படமெடுத்தார். வாழ்நாளில் அப்படி 5,000-க்கும் மேல் எடுத்தார்.

பனி வருமா என்ற விசாரணை எங்கே தொடங்குகிறது தெரியுமா? தலைக்கு மேல் 30 கிலோமீட்டரில். அங்கே, ஸ்ட்ராட்டோஸ்பியர் எனப்படும் அடுக்குமண்டலத்தில், குளிர்காலம் முழுக்க வட துருவத்தைச் சுற்றி மேற்குக் காற்று வட்டமடிக்கும். இது துருவச் சுழல். சில ஆண்டுகளில் கீழிருந்து எழும் பேரலைகள் இந்தச் சுழலைச் சிதறடிக்கின்றன. அப்போது சில நாட்களுக்குள் அந்த உயரத்துக் காற்று 50 டிகிரி வரை சூடேறும். காற்றின் திசையே எதிராகத் திரும்பும். 1952-ல் ரிச்சர்ட் ஷெர்ஹாக் என்ற விஞ்ஞானி பெர்லினிலிருந்து அனுப்பிய பலூன்களின் அளவுகளில் இதை முதன்முதலாகக் கண்டபோது, அப்படி ஒன்று நடக்கும் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. இந்தத் தலைகீழ் மாற்றம் படிப்படியாகக் கீழிறங்கினால், அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான காற்று தளர்ந்து, சைபீரியாவின் குளிர்காற்றுக்குக் கதவு திறக்கும். துருவத்துக்கு மேலே சூடேறினால் லண்டன் நடுங்கும்!

2018 பிப்ரவரி 12-ஐ ஒட்டி அப்படிச் சூடேறியது. ஆர்வலர்கள் நாட்காட்டியில் இரண்டு வாரம் எண்ணிவிட்டுக் காத்திருந்தார்கள். அந்த மாதக் கடைசியில் கிழக்கிலிருந்து வந்த குளிர் பிரிட்டனை உறையவைத்தது. ஸ்காட்லாந்தின் நெடுஞ்சாலைகளில் வண்டிகள் இரவெல்லாம் பனியில் சிக்கி நின்றன. ஆனால் மறு ஆண்டு ஜனவரியிலும் இதேபோல் மேலே சூடேறியும், அந்த அளவுக்குக் குளிர் வரவில்லை. மாறாக, 2019 பிப்ரவரி 26 அன்று லண்டனின் கியூ தோட்டத்தில் 21.2 டிகிரி பதிவானது. பிரிட்டனின் குளிர்காலத்தில் அதுவரை அவ்வளவு வெப்பம் பதிவானதே இல்லை. மேலிருந்து வரும் செய்தி சாத்தியத்தைக் கூட்டும், உறுதி தராது.

அதனால் அடுத்து அவர்கள் பார்ப்பது குழுக் கணிப்பு. தொடக்க அளவுகளைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி, ஒரே வானிலையைக் கணினியில் பலமுறை ஓடவிடும் முறை இது. ஐரோப்பிய மையம் 51 முறையும் அமெரிக்க மையம் 31 முறையும் ஓட்டுகின்றன. அமெரிக்கக் கணிப்பு நாளொன்றுக்கு நான்கு முறை வெளியாகும்; நள்ளிரவு தாண்டியும் அதற்காக விழித்திருப்பவர்கள் உண்டு. வரைபடத்தில் எல்லாக் கோடுகளும் சேர்ந்தே கீழிறங்கினால் நம்பலாம். ஒன்றிரண்டு மட்டும் தனியே சரிந்தால், அதில் மனதைப் பறிகொடுக்கக் கூடாது என்பது அனுபவசாலிகள் புதியவர்களுக்குச் சொல்லும் அறிவுரை. வடகிழக்குப் பருவமழைக்காகக் காத்திருக்கும் நம் ஊர் வானிலை ஆர்வலர்கள் புரட்டுவதும் இதே கணிப்புகளைத்தான்.

நாள் நெருங்க நெருங்கக் கண் கீழே இறங்குகிறது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் −5 டிகிரி இருக்கிறதா என்பது ஒரு கைக்கணக்கு. இன்னொன்று இன்னும் சாமர்த்தியமானது. குளிர்ந்த காற்று சுருங்கும் அல்லவா? ஆகவே 1000 ஹெக்டோபாஸ்கல் அழுத்தத்திலிருந்து 500 ஹெக்டோபாஸ்கல் வரையுள்ள காற்றடுக்கின் தடிமனை அளந்தால், அதன் சராசரி வெப்பநிலை தெரிந்துவிடும். 1 டிகிரி குளிர்ந்தால் அடுக்கு சுமார் 20 மீட்டர் மெலியும். தடிமன் 5,280 மீட்டர் என்றால் சராசரி −13 டிகிரி. வரைபடத்தில் இந்த மதிப்புக்குரிய கோடு எந்த ஊரைத் தாண்டி வருகிறது என்பதில்தான் ஆர்வலர்களின் கண் இருக்கும். வெப்பமானியே வைக்காமல், காற்றின் உயரத்தைக் கொண்டு குளிரை அளக்கும் இந்த வித்தை எனக்கு மிகவும் பிடித்தமானது.

கடைசி ஆறேழு மணி நேரத்தில் ஆட்டமே மாறுகிறது. இப்போது கேள்வி காற்று எவ்வளவு குளிர்ந்தது என்பது மட்டுமல்ல, எவ்வளவு வறண்டது என்பதும்தான். மண்பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் குளிர்கிறதே, அதே வேலையை வறண்ட காற்றில் விழும் பனித்துகளும் செய்கிறது. தன்னில் கொஞ்சத்தை ஆவியாக்கி, சுற்றியுள்ள காற்றைக் குளிரவைத்து, தனக்கும் பின்னால் வருபவற்றுக்கும் பாதை போடுகிறது. இப்படி எவ்வளவு தூரம் குளிரலாம் என்பதைக் காட்டுவது ஈரக்குமிழ் வெப்பநிலை. வெப்பமானியின் குமிழைச் சுற்றி ஈர மஸ்லின் துணி கட்டி அளப்பதால் வந்த பெயர். வெயிலும் மழையும் படாமல் இந்த வெப்பமானிகளைக் காக்கும் வெள்ளைச் சட்டப்பெட்டியை வடிவமைத்தவர் தாமஸ் ஸ்டீவன்சன். 'ட்ரெஷர் ஐலண்ட்' எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் அப்பா.

இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்வோம். ஓர் ஊரில் 2 டிகிரி, ஈரப்பதம் 95 விழுக்காடு. இன்னொன்றில் 4 டிகிரி, ஈரப்பதம் 50 விழுக்காடு. எங்கே பனி பெய்யும்? முதல் ஊரின் ஈரக்குமிழ் அளவு 1.7 டிகிரி, அங்கே நீரும் பனியும் கலந்த சொதசொதப்பே மிஞ்சும். இரண்டாவது ஊரின் அளவு வெறும் அரை டிகிரி. வெப்பம் கூடுதலாகத் தெரிந்த ஊருக்கே பனி! மழைக்கோடு வந்து தொட்டதும் அங்கே வெப்பமானி மளமளவென்று இறங்குவதைத் தோட்டத்தில் நின்றே பார்க்கலாம்.

இதையும் மிஞ்சும் ஒன்று உண்டு. பனி உருகுவதற்கும் வெப்பம் வேண்டும். அதையும் காற்றிடமிருந்தே பிடுங்கிக்கொள்ளும். ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் 1 கிலோ பனி, அதாவது 1 மில்லிமீட்டர் மழைக்குச் சமமானது, உருகினால் சுமார் 260 மீட்டர் உயரத்துக் காற்று முழுவதும் 1 டிகிரி குளிர்ந்துவிடும். காற்று அசையாத இரவில் வலுத்துப் பெய்தால், உருகி உருகியே உறைமட்டம் தரைவரை இறங்கி, பெய்துகொண்டிருந்த மழை கண்ணெதிரே பனியாக மாறிவிடும். பலத்த காற்று வீசினால் எல்லாம் வீண். அது கடலின் வெதுவெதுப்பைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து கொட்டிவிடும்.

இந்த நேரத்தில் ஆர்வலர்களுக்கு மிக நம்பகமான கருவி தெருவிளக்கு. இருட்டில் மழைக்கும் பனிக்கும் வித்தியாசம் தெரியாது. விளக்கின் வெளிச்சக் கூம்பில் உடனே தெரியும். துளி நேர்க்கோடாகக் கீறி மறையும். பனி தயங்கும், பக்கவாட்டில் நகரும், சில நேரம் மேலேகூட எழும். அதற்காக ஜன்னல் திரையைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விலக்கிப் பார்ப்பார்கள்.

காலையில் பனி கிடந்தால் வேலை ஆரம்பம். முந்தைய நாளே புல்தரையில் போட்டுவைத்த வெள்ளைப் பலகையில் மூன்று, நான்கு இடங்களில் அளவுகோலை நட்டு, சராசரியை எழுதுகிறார்கள். பிறகு மழைமானியில் சேர்ந்த பனியை உருக்கி நீரை அளக்கிறார்கள். 10 சென்டிமீட்டர் பனி உருகினால் 1 சென்டிமீட்டர் நீர் என்பது பொதுக் கணக்கு. ஆனால் ஈரப் பனியில் 5 சென்டிமீட்டரே அந்த நீரைத் தந்துவிடும். பொடிப் பனியில் 20 சென்டிமீட்டர் வேண்டும். 6 மில்லிமீட்டர் நீர் வரும் என்று கணினி துல்லியமாகச் சொன்னாலும், தரையில் அது 3 சென்டிமீட்டர் பனியாகவும் கிடக்கலாம், 12 சென்டிமீட்டராகவும் கிடக்கலாம். எது என்பதைப் பலகையில் அளவுகோல் வைப்பவர்தான் சொல்ல முடியும்.